அனுமந்தை ரோட்டில் தானாய் ஓடிய கார்

என் வீட்டுக்காரர் சென்னையில் ஒரு முதலாளியிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் மரக்காணத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் இருந்தேன். கல்யாணமான நாளிலிருந்தே அந்தக் காரை எனக்குப் பிடிக்காது. வெளிநாட்டிலிருந்து இறக்கிய கருப்பு வண்டி. தினமும் குளிப்பாட்டி, துடைத்து, நிழல் பார்த்து நிறுத்துவாராம். எனக்கு மாமியார் கொடுமை இல்லை, நாத்தனார் கொடுமை இல்லை. சக்களத்தி மட்டும் நான்கு சக்கரத்தோடு வாய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறுத்தத்து டெலிபோன் பூத்துக்குப் போன் பண்ணுவார். பேச்சு எங்கே தொடங்கினாலும் அவளிடம்தான் போய் நிற்கும். ஒரு தடவை அவர் குரலே சரியில்லை.

“புதுசா ஒண்ணு முதலாளி காட்டினாரு. பட்டனை அமுக்கினா வண்டி அதே வேகத்துல தானா போவுது. கால எடுத்துடலாம். இன்னும் கொஞ்ச வருஷத்துல டிரைவரே வேணாமாம், வண்டியே எல்லாத்தையும் பாத்துக்குமாம்.”

“அப்ப நீங்க?”

“அதான் எனக்கும் தெரியல.”

அவருக்குப் பிழைப்புப் போய்விடுமோ என்று பயம். எனக்கோ வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வண்டி தன்னைத் தானே பார்த்துக்கொண்டால் அவர் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்? அரை வயிற்றுக் கஞ்சியானாலும் ஒன்றாக உட்கார்ந்து குடிக்கலாம். அரிசி புடைக்கும்போதும் தண்ணீர் தூக்கும்போதும் அந்தப் பட்டனுக்காகத்தான் சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

2006 மாசியில் முதலாளியைப் புதுச்சேரியில் ஒரு கல்யாணத்தில் இறக்கிவிட்டு, அவரிடம் சொல்லிக்கொண்டு, காரோடு வந்து வாசலில் நின்றார். “ஏறு, காட்டறேன்” என்றார். முதன்முதலாகச் சக்களத்தியின் மடியில் உட்கார்ந்தேன்.

மரக்காணம் தாண்டினால் உப்பளங்களின் ஓரமாக ரோடு நேராகப் போகும். அங்கே பட்டனை அமுக்கி, காலை இழுத்து மடக்கிக்கொண்டார். வண்டி தன் பாட்டுக்குப் போனது. உப்புக் குவியல்கள் பளபளவென்று பின்னால் நகர்ந்தன. நான் எதையும் பார்க்கவில்லை, அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போன கால் வீட்டுக்குத்தானே வரும்?

“எல்லாம் அதுவே பாத்துக்குமாங்க?”

“பாத்துக்கும் போலத்தான் இருக்குது” என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

அனுமந்தைக்கு முன்னால் பாதி ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் அது வழக்கம். போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் காய் உடைந்து மணி தனியாக விழுந்துவிடும். பஸ்காரர்கள் தூரத்தில் பார்த்ததுமே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். இந்த வண்டிக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது? அதே வேகத்தில் போய் ஏறியது. நடுவில் ஓர் அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மடக்கிய கால் எப்போது பிரேக்குக்குப் போனதோ தெரியாது. வண்டி கடகடவென்று உதறி, செடியின் மேல் வழுக்கிக்கொண்டே போய், அந்த அம்மாவுக்கு ஒரு முழம் முன்னால் கோணலாக நின்றது.

“ஏம்பா, கண்ணு தெரியல?”

“எனக்குத் தெரிஞ்சுதும்மா. வண்டிக்குத்தான் தெரியல.”

கொஞ்சம் மூச்சு வாங்கியதும் அந்த அம்மாவுக்குக் காரியம் ஞாபகம் வந்துவிட்டது. “சரி, வந்தது வந்துட்ட. முன்ன பின்ன ரெண்டு தடவ ஏத்திட்டுப் போ.”

இவரும் இந்தப் பக்கத்துக்காரர்தானே, எப்படி மறுப்பார்? மெதுவாக முன்னால் ஏற்றினார், பின்னால் இறக்கினார். முன்னால் ஓர் ஆளே நின்றும் வாய் திறக்காத வண்டி, பின்னால் கிடந்த செடிக் குவியலைச் சுவர் என்று நினைத்துக் கீங் கீங் என்று கத்தியது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். காலை வைப்பதும் எடுப்பதுமாக, தேவைக்கு மேலேயே ஏற்றி இறக்கினார். காய்ச்சல் விட்ட முகம் மாதிரி தெளிந்திருந்தது.

“பாத்தியா? நான் இல்லன்னா இதால ஆவாது” என்றார்.

நானும் சிரித்தேன். அந்த அம்மா உயிரோடு நிற்கிறாரே என்று நிம்மதி. வீட்டுக்காரர் பிழைப்புக்கு ஆபத்தில்லை என்பதும் நல்லதுதான். ஆனாலும் என் ஆசையில் மண் விழுந்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பட்டனைத் தொடவே இல்லை.

வாசலில் இறக்கிவிட்டார். நான் கார்க் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டேன்.

“நீங்க இல்லன்னா எனக்கும்தாங்க ஆவல.”

அவர் சிரிப்பு நின்றது. “தெரியும்மா” என்றார். ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியை அழைத்துவரப் போக வேண்டிய நேரமாகிவிட்டது. நான் கதவை விட்டேன். அவர் காலை வைத்தார், வண்டி கிளம்பியது.