அரிசி டின்னுக்குப் பின்னால் ஓடிய டேப்

எங்கள் வீட்டில் பத்து வருடமாக யாருக்கும் தெரியாமல் ஒரு மொழி குடியிருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. ஆம்பூரில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வாய் மட்டும் எட்டாம் வகுப்பில் இருப்பதாக டீச்சர் சொல்வார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அக்கா எங்கள் பள்ளிக்கு வந்தார். பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பாடத்தில் ஒரு மொழி என்று எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று டீச்சருக்கே சந்தேகம். எங்கள் தெருவில் நாயைத் தமிழில் விரட்டினாலும் ஓடும், உருதுவில் விரட்டினாலும் ஓடும். அக்காவோ ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து ஒரு ஃபாரத்தை நிரப்பினார். அம்மாவோடு எந்த மொழி, கடையில் எந்த மொழி, சண்டைக்கு எந்த மொழி என்று கேள்வி போய்க்கொண்டே இருந்தது. சண்டைக்கு உருது என்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை போட்டே கற்றுக்கொண்ட மொழி அது. அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் தேர்ந்தெடுத்த மூன்று வீடுகளில் எங்கள் வீடும் ஒன்றானது.

வீடு என்றால் அது அத்தையின் வீடு. அத்தை அப்பாவுக்கு அக்கா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் வீட்டிலும் அதே குரல்தான். அவள் இருக்கும் இடத்தில் மற்றவர்கள் தலையாட்டினால் போதும். அம்மா நன்றாகத் தலையாட்டுவாள். அம்மா அநாதை என்றும், எங்கள் சாதிக்காரர் ஒருவர் காட்பாடியில் எடுத்து வளர்த்த பெண் என்றும் அப்பா சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். அத்தைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கும் அவ்வளவுதான். அம்மா அளந்து அளந்து பேசுவாள். பெற்றவர்கள் இல்லாமல் வளர்ந்தவள், பேச்சுக்கு ஆளில்லாமல் பழகிவிட்டாள் என்று அத்தையே பரிதாபப்படுவாள்.

அக்கா ஒரு வெள்ளிக்கிழமை டேப் ரெக்கார்டரை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் பேச்சு பதிவாகும் என்று எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் சாப்பிடும்போது ஓடவிடு, சும்மா எப்போதும் போலப் பேசச் சொல் என்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். நான் பட்டனை அழுத்தியதும் அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாம்பார் மிகவும் நன்றாக இருக்கிறது" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் வாயிலிருந்து 'மிகவும்' வந்தது அன்று மட்டும்தான். அப்பா ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி என் படிப்பை விசாரித்தார். அம்மா வாயே திறக்கவில்லை. என் ஆறு மாதத் தம்பி ஒருவன்தான் எப்போதும் போல அழுதான்.

இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மானம் போய்விடும் என்று தோன்றியது. மற்ற இரண்டு வீட்டுப் பிள்ளைகளைவிட நல்ல டேப்பாகக் கொடுத்து அக்காவிடம் சபாஷ் வாங்கவேண்டும். மறுநாள் சனிக்கிழமை. அப்பாவும் அத்தையும் வேலைக்குப் போய்விட்டார்கள். காசெட்டைப் பின்பக்கம் திருப்பிப் போட்டேன். சமையலறையில் அரிசி டின்னுக்குப் பின்னால் ரெக்கார்டரை வைத்து, துண்டை மேலே போட்டு மூடி, இரண்டு பட்டன்களையும் அழுத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போய்விட்டேன். ஆராய்ச்சி என்றால் இதுதான் என்று எனக்கு ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்தார். பதிவு செய்ததை வீட்டாருக்கே போட்டுக்காட்டி, யார் என்ன பேசினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வது அவர் வழக்கம். முதல் பக்கம் ஓடியது. தான் 'மிகவும்' என்றதைக் கேட்டு அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். முடிந்ததும், பின்பக்கமும் இருக்கிறது என்று நான் சொன்னேன். அதை நான் வாய்க்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

முதலில் கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம். பிறகு தம்பியின் சிணுங்கல். அதன்பின் ஒரு பெண் பேச ஆரம்பித்தாள். யாரென்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சிக் கொஞ்சி, நடுநடுவே சிரித்து, கேள்வி கேட்டு அதற்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு, மூச்சு விடாமல் பேசினாள். அது தெலுங்கு என்பது மட்டும் புரிந்தது. யாரோ விருந்தாளி வந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அக்காவுக்குக் காபி கொண்டுவந்த அம்மா, டம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது அம்மாவின் குரல் என்று எனக்கு உறைத்தது.

அக்காவுக்கு எதுவும் தெரியாது பாவம். அவர் முகம் மலர்ந்துபோனது.

"எவ்ளோ அழகான தெலுங்கு! எருமை மேல உட்கார வெச்சு உன்ன ஊரெல்லாம் சுத்திக் காட்டுவாரு உங்க தாத்தான்னு சொல்றாங்க. நல்லாப் பேச்சு வர்றதுக்குள்ள உன்ன ஒரு தடவ கொண்டுபோய்க் காட்டிடணும், அப்புறம் நீயும் உங்க அக்கா மாதிரி வெளிய சொல்லிடுவேன்னு கொஞ்சறாங்க. உங்க அப்பா எந்த ஊர்லம்மா இருக்காரு?"

டேப் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. அம்மா இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. இப்படிச் சிரிப்பாள் என்றும் தெரியாது. அந்தக் குரலில் அவள் ஒருநாள்கூட என்னைக் கூப்பிட்டதில்லை. வீட்டில் ஏதோ இடிந்து விழுகிறது என்பதைவிட, தம்பிக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் அப்போது எனக்கு வலித்தது. அதை இன்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா சங்கடத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அத்தை எழுந்தாள். அம்மாவை வீட்டைவிட்டுத் துரத்தப்போகிறாள் என்று நான் கதவோரம் ஒண்டினேன். அவள் நேரே போய் அப்பாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். நாற்பதை நெருங்கும் மனிதர், மகள் பார்க்க அறை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"அப்பன் ஆத்தா உயிரோட கீற பொண்ணையாடா அநாதைன்னு சொல்லி எங்கிட்ட கூட்டினு வந்த?"

சாதி வேறு என்பதும், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர் என்பதும், வீட்டில் சொல்லாமல் கிளம்பி வந்தவள் என்பதும் அன்று மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒவ்வொன்றுக்கும் அத்தை தலையில் கை வைத்தாள். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அத்தை, "புள்ளைங்கள எத்தினு போய் உங்கப்பன்கிட்ட காட்டிட்டு வா. அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். வரச் சொல்கிறாளா, ஒரேயடியாகப் போகச் சொல்கிறாளா என்று அம்மாவுக்கும் விளங்கவில்லை. இருந்த நான்கு புடவைகளையும் பையில் எடுத்துவைத்துக்கொண்டாள். அப்பாவுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அவர் லீவு கேட்கவே இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

பேரணாம்பட்டில் பஸ் மாறி, மலைப்பாதையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினோம். வழியெல்லாம் அம்மா என்னோடு பேசவில்லை. தம்பியோடும் பேசவில்லை. ஊருக்குள் நடக்கும்போது மட்டும் வேகமாக நடந்தாள். பின்னால் ஓடி ஓடி எனக்கு மூச்சு வாங்கியது.

அம்மா பிறந்த வீட்டு வாசலில் அவள் ஜாடையில் ஒருவர் நின்றார். அம்மாவின் அண்ணனாக இருக்கவேண்டும். வா என்று கூப்பிடவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வழியைவிட்டு விலகி நின்றார். அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். திறந்த கதவு வழியே உள்ளே பார்த்தேன். சுவரில் ஒரு பெரியவரின் படம். கண்ணாடி மேல் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். மாலை காய்ந்து பழுப்பேறி, நாரெல்லாம் வெளியே தெரிந்தது. தாத்தா போய் வருடக்கணக்காகிவிட்டது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெலுங்கு தேவைப்படவில்லை. இல்லாத மனிதரைப் பற்றித்தான் இத்தனை நாளும் தம்பியிடம் கொஞ்சிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பெண்கள் உள்ளேயிருந்து ஓடிவந்தார்கள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிலர் திட்டிக்கொண்டே அழுதார்கள். தம்பி கை மாறிக் கை போனான். பேசத் தெரியாத அவனுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. தமிழும் உருதுவும் தெரிந்த எனக்குத்தான் யாரோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை. எல்லாம் என்னால் வந்தது என்ற பயம் வேறு. கூட்டத்துக்குள் நுழைந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

அம்மா திரும்பினாள். என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தெலுங்கில் பேச ஆரம்பித்தாள். நீளமாகப் பேசினாள். நடுவில் எதையோ கேட்டாள், அவளே பதிலும் சொன்னாள். டேப்பில் கேட்ட அதே குரல், அழுகையில் கொஞ்சம் கம்மியிருந்தது, அவ்வளவுதான். பத்து வருடம் எனக்குக் கிடைக்காத குரல் அது என்பது அந்த நேரத்தில் எனக்கு எட்டவில்லை. இத்தனை பேர் நடுவில் வைத்து, எனக்குப் புரியாத மொழியில் என்னைத் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கைகளைத் தட்டிவிட்டேன்.

"எனுக்குப் புரியல. தமிழ்ல சொல்லும்மா!" என்று கத்தினேன்.

அம்மா பாதியில் நிறுத்திவிட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.