மெதுவாப் போடுங்க

கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். எல்லோரும் பனியனோடு நிற்கும் வெக்கையிலும் நான் முழுக்கைச் சட்டைதான் போடுவேன். “எம் பையன் எப்பவும் டீசன்ட்டா இருப்பானுங்க” என்று அம்மாவுக்கு அப்போதெல்லாம் பெருமை. போதைக்காக நானே ஊசி போட்டுக்கொண்ட தழும்புகளை மறைக்கத்தான் அந்தச் சட்டை என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

போன வருடம் எனக்குக் காய்ச்சல் விடவே இல்லை. குளிர் தூக்கிப் போட்டது. அம்மா ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். ரத்தம் எடுக்க நர்ஸ் வந்ததும், “ஏனுங்க அம்மணி, சின்னதுல இருந்தே இவன் ஊசின்னா பயந்துக்குவானுங்க. கொஞ்சம் மெதுவாப் போடுங்க” என்று கெஞ்சினார். பிறகு, “கண்ணை மூடிக்கோ கண்ணு, வலிக்காது” என்று தன் உள்ளங்கையால் என் கண்களைப் பொத்தினார்.

நர்ஸ் என் சட்டைக் கையை மேலே ஏற்றினார். ஊசி இறங்க ஒரு நரம்பு மிச்சமில்லை. எல்லாம் கயிறாக இறுகிக் கிடந்தன. பொத்தியிருந்த கை மெல்ல விலகியது. எனக்குத்தான் கண்ணைத் திறக்கத் துணிவில்லை.

“புறங்கையில பாக்கறேனுங்கம்மா” என்றார் நர்ஸ்.

நான் போட்டுக்கொண்ட ஊசி வழியாக ரத்தத்தில் ஏறிய கிருமி இதய வால்வை அரித்துவிட்டது என்று டாக்டர் பிறகு சொன்னார். வாரக்கணக்கில் படுத்துக் கிடந்து பிழைத்தேன். பழக்கத்தை விட்டுவிட்டேன். வால்வு பழையபடி ஆகாதாம்.

இப்போதும் ரத்தப் பரிசோதனைக்கு அம்மாதான் கூட வருகிறார். ஊசியைப் பார்த்ததும் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். பையன் பயந்துக்குவான் என்று அவர் இப்போது யாரிடமும் சொல்வதில்லை.