பௌசர் வராத சனிக்கிழமை

காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு மகள், "அப்பா, எரியுது" என்றாள். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், நான் கையில் கடிகாரத்தைப் பிடித்தபடி அவளுக்குப் பின்னால் நின்றதுதான். கடதாசியில் எழுதிவைத்திருந்த பதினைந்து நிமிடத்தில் ஏழு நிமிடம் போயிருந்தது.

"கொஞ்சம் எரியத்தான் செய்யும் புள்ள. மருந்தெண்டா எரியாதா?" என்றேன்.

"கொஞ்சமில்லப்பா."

குசினி வாசலில் முக்காலி போட்டு இருந்தாள். தலை முழுக்க வெள்ளைக் களிம்பு. முன்பக்கத்தை அவளே கண்ணாடி பார்த்துப் பூசிக்கொண்டாள். பின்னந்தலை எட்டாது என்பதால் அதை நான் பூசினேன். ஐந்து வயதுக்குப் பிறகு அவளுடைய தலைமுடியை நான் தொட்டதில்லை. அது அவளுடைய தாயின் வேலையாக இருந்தது. சுனாமியில் தாயைக் கடல் கொண்டுபோய் அப்போது ஒன்றரை வருடம்.

முடியை நேராக்குவது அழகுக்காக இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடல் வந்த பிறகு மூன்று மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறைக்கு எட்டுக் குடும்பம். பிள்ளைகள் எல்லாருக்கும் பேன் பிடித்தது. ஒரேயொரு கத்தரிக்கோலுக்குப் பெண்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். என் மகளும் நின்றாள். இடுப்புவரை இருந்த முடி ஒரு காலை நேரத்தில் போய்விட்டது. வளரும்தானே என்று இருந்தோம். வளர்ந்தது. ஆனால் அவளுக்குத் தாயைப் போலச் சுருட்டை முடி. இழுத்துப் பிடித்தால் தோளைத் தொடும். விட்டால் காதுக்கு மேலே ஏறிக்கொள்ளும்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் கட்டை முடியோடு ஒரு குமர்ப்பிள்ளை தெருவில் போனால் பார்ப்பவர்கள் ஒன்றைத்தான் நினைப்பார்கள். ஆயுதம் தூக்கி இயக்கத்தில் இருந்த பெண்பிள்ளைகள் அப்படித்தான் வெட்டியிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளைகளை, பின்னல் பின்னும் அளவுக்கு முடி வளரும்வரை தாய்மார் படலைக்கு வெளியே விடவில்லை. என் மகள் எந்த இயக்கத்துக்கும் போனவள் அல்ல. ஆனால் பாலத்தடிச் சென்றியில் ஆட்களைச் சோதிக்க நிற்கிற ஆமிக்காரருக்கு அது எப்படித் தெரியும்? அந்த மாதத்தில் மட்டும் மூன்று தரம் அவளை வரிசையிலிருந்து தனியே எடுத்து நிறுத்தினார்கள். கடைசித் தரம் ஒரு சிங்களச் சிப்பாய்ப் பெண், பேனையின் நுனியால் அவளுடைய முடியைத் தூக்கிப் பார்த்து, "முடி ஏன் கட்டை?" என்று கேட்டாள். "பேன்" என்றாள் மகள். அந்தப் பெண்ணுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. நாற்பது நிமிடம் வெயிலில் வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை உயர்தரப் பரீட்சை. மண்டபம் பாலத்துக்கு அந்தப் பக்கம், டவுனுக்குள். பிந்திப் போனால் உள்ளே விடமாட்டார்கள். முடி நேராக விழுந்து இரண்டு பின்னலாகக் கட்டினால் மற்றப் பிள்ளைகளோடு பிள்ளையாக அவளும் போய்விடுவாள் என்று நான் கணக்குப் போட்டேன்.

டவுனில் பியூட்டி பார்லர் இருந்தது. அதற்கும் அதே சென்றியைத்தான் தாண்ட வேண்டும். அதைவிட, பார்லரில் நாலு பெண்கள் இருப்பார்கள். "ஏன்கா இவ்வளவு கட்டை?" என்று ஒருத்தி கேட்பாள். மற்றவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோவாள். எந்தக் கதை எந்தக் காதில் போய் விழும் என்று தெரியாத காலம்.

மனைவியின் தங்கை குவைத்தில் வீட்டு வேலைக்கு இருந்துவிட்டு இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் வந்திருந்தாள். களுதாவளையில் இருந்தாள். முடியை நேராக்கும் இந்த மருந்துப் பெட்டி அவள் கொண்டுவந்ததுதான். அங்கே தானே தன் தலைக்குப் பூசிப் பழகியவள். சனிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் வந்து பூசிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். பெட்டியை முதலே தந்துவிட்டாள். நான் அதற்குள் இருந்த ஆங்கிலத் தாளை இரண்டு தரம் வாசித்து, தமிழில் ஒரு கடதாசியில் எழுதி வைத்தேன். தபால் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவன். தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி நடப்பவன் என்றுதான் என்னைப் பற்றி நான் நினைத்திருந்தேன்.

தாளில் ஓரிடத்தில், பூசுவதற்கு முந்திய நாட்களில் தலையைக் கழுவக் கூடாது, தலைத்தோலைச் சுரண்டக் கூடாது என்று இருந்தது. அதை மட்டும் நான் எழுதவில்லை. குளிர் தேசத்து ஆட்களுக்குச் சொன்னது, அவர்கள் குளிப்பதே அருமை என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஊரில் யார் அழுக்குத் தலையில் மருந்து வைப்பார்கள்? வெள்ளிக்கிழமை பெண்பிள்ளைகள் முழுகுகிற நாள். "நல்லாத் தேச்சு முழுகு மகள், நாளைக்கு மருந்து பிடிக்கட்டும்" என்று நானே சொன்னேன். அவளும் தேசிக்காயைப் பாதியாக வெட்டி, தலைத்தோலில் நன்றாகத் தேய்த்து முழுகினாள். பரலில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் முழுவதும் அதோடு முடிந்தது. சனிக்கிழமை பத்து மணிக்குப் பௌசர் வரும்தானே என்று இருந்தோம். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்த லொறி அதுவரை ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை.

எட்டு மணி பஸ் வரவில்லை. ஒன்பதரைக்கு, காத்தான்குடிக்கு அந்தப் பக்கம் வீதியை மறித்துச் சோதிக்கிறார்கள் என்று சைக்கிளில் போன ஒருவர் சொல்லிப் போனார். என்னால் இருக்க முடியவில்லை. இன்று வீதி மறித்தால் நாளை ஊரடங்கு வரும், நாளை மறுநாள் பரீட்சை. "நாமளே பூசுவம்" என்றேன். "சித்தி வரட்டும் அப்பா" என்றாள் மகள். அவளை அவசரப்படுத்தியது நான்தான். ஐந்து நிமிடம் குறைய பத்துக்குத் தொடங்கினோம். பத்து ஐந்துக்குப் பூசி முடித்தோம். பௌசர் வரும் நேரமும் கழுவும் நேரமும் சரியாக இருக்கும் என்பது என் கணக்கு.

இப்போது அவள் இரண்டு கையாலும் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முன்வீட்டுப் பெண் வாளியோடு வேலியடியில் வந்து நின்றாள். அவளும் பௌசருக்குத்தான் காத்திருந்தாள்.

"என்ன அண்ணன், புள்ளட தலைக்கு வெள்ளை அடிக்கிறீங்களா? அப்பிடியே என்ட சுவருக்கும் ரெண்டு கை அடிச்சு விடுங்க."

"பௌசர் சத்தம் கேக்குதா?" என்று கேட்டேன்.

"எங்க கேக்குது? வீதி மறிச்சா பௌசரையும்தான் மறிப்பானுகள்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. பஸ் வராது என்று நினைத்தேன். அதே வீதியால்தான் தண்ணீரும் வர வேண்டும் என்று நினைக்கவில்லை.

"அப்பா, கழுவுங்க. ஏலாது" என்றாள் மகள். குரல் மாறிவிட்டது. குசினியில் குடிக்க வைத்திருந்த அரைக் குடம் தண்ணீர்தான் இருந்தது. கொண்டுவந்து ஊற்றினேன். களிம்பு போகவில்லை. கரைந்து காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் வழிந்தது. அங்கும் எரியத் தொடங்கியது. அவள் கத்தினாள். முன்வீட்டுப் பெண் பகிடியை விட்டுவிட்டு ஓடிப்போய், ஒரு கேத்தலில் இருந்த தண்ணீரைக் கொண்டுவந்தாள். அது ஒரு பக்கக் காதுக்குத்தான் போதுமாக இருந்தது.

"கிணறு கிடக்குத்தானே அண்ணன்! என்னத்தப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?"

எங்கள் வளவில் கிணறு இருந்தது. வீட்டிலிருந்து பதினைந்து அடி. கடல் வந்த நாளிலிருந்து அதில் நாங்கள் வாளி போட்டதில்லை. மூன்று தரம் இறைத்தார்கள், மருந்து போட்டார்கள், உப்பு இறங்கவில்லை. நான் தகரம் போட்டு மூடிக் கல் வைத்துவிட்டேன். உப்பு என்று மகளுக்குச் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் கடல் வந்த மூன்றாம் நாள் அந்தக் கிணற்றிலிருந்து ஒரு சின்னப் பிள்ளையை எடுத்தோம். எந்த ஊர்ப் பிள்ளை என்று கடைசிவரை தெரியவில்லை. கயிற்றைப் பிடித்த நாலு பேரில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே நான் திரும்பிப் படுப்பதில்லை.

"அது வேணாம்" என்றேன். "அந்தத் தண்ணி தலைக்கு ஆகாது. பௌசர் வரும். ரெண்டு நிமிசம் பொறு மகள்."

இரண்டு நிமிடம் என்றது பத்து நிமிடமாகியது. கையில் கடிகாரம் இருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை. படலைக்கு ஓடினேன், திரும்பி வந்தேன், மறுபடி ஓடினேன். மூன்றாம் தரம் திரும்பி வந்தபோது முக்காலியில் மகள் இல்லை. கிணற்றடியில் நின்று கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். களிம்பு நெற்றியில் வழிந்தது.

"மகள், அதில வேணாம். அதுக்குள்ள..."

"எனக்குத் தெரியும் அப்பா. ஊருக்கே தெரியும். தகரத்தத் தூக்குங்க!"

தூக்கினேன். கப்பியில் கயிறு இல்லை. அதை நான்தான் கழற்றி எறிந்திருந்தேன். உடுப்புக் காயப்போடும் கொடிக் கயிற்றை முன்வீட்டுப் பெண் அறுத்துக்கொண்டு வந்து தன் வாளியில் கட்டித் தந்தாள். உள்ளே பார்க்காமல் வாளியை விட்டேன். தண்ணீரில் படும் சத்தம் கேட்டதும் கை நின்றுவிட்டது. "இழுங்கப்பா!" என்ற சத்தத்துக்கு இழுத்தேன். முதல் வாளி, இரண்டாம் வாளி, மூன்றாம் வாளி. பிறகு எண்ணவில்லை. முன்வீட்டுப் பெண் ஊற்றிக் கழுவினாள். பெட்டியில் இருந்த ஷாம்பூ உப்புத் தண்ணீரில் நுரைக்கவே இல்லை. உள்ளங்கையில் கஞ்சி போலக் கிடந்தது. வெறும் தண்ணீரால்தான் கழுவினோம். கடிகாரத்தை எடுத்துப் பார்க்கும்போது பத்து முப்பத்தைந்து.

முடி களிம்போடு வந்தது. முதலில் இழை இழையாக, பிறகு கொத்துக் கொத்தாக. கிணற்றடிச் சீமெந்தில் கறுப்பாக ஒட்டிக் கிடந்தது. இடது காதுக்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்கு முடியே இல்லை. தோல் சிவந்து, இரண்டு மூன்று இடத்தில் நீர் கசிந்தது. வேலியோரத்துக் கற்றாழையைப் பிளந்து பூசினோம்.

மகள் கண்ணாடியைக் கேட்டாள். நான் தரவில்லை. முன்வீட்டுப் பெண் எடுத்துக் கொடுத்தாள். நெடுநேரம் பார்த்தாள். நெற்றியில் மிச்சமிருந்த கொஞ்ச முடியை இரண்டு விரலால் இழுத்து விட்டாள்.

"நேராத்தான் வந்திருக்கு" என்றாள்.

முன்வீட்டுப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளும் சிரித்தாள். பிறகுதான் அழுதாள்.

பகல் முழுக்க நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். முதல் இருந்த கட்டை முடிக்காவது பேன் என்று ஒரு காரணம் இருந்தது. அங்கங்கே முடியும் காயமுமாக இருக்கிற இந்தத் தலைக்கு என்ன சொல்வது? அடையாளத்தை மறைக்கத் தலையைக் கெடுத்தாள் என்று ஒருவன் சொன்னால் நான் என்ன செய்வேன்? பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டலாமா, அதுவே ஏதும் இரசாயனம் என்று ஆகிவிடுமா? ஒரு மணியளவில் மகளிடம் போய்ச் சொன்னேன்.

"இந்த முறை விடுவம் புள்ள. அடுத்த வருசம் எழுதலாம்."

அவள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. தலையில் ஈரத் துணி போட்டிருந்தாள்.

"அடுத்த வருசம் சோதின இருக்குமெண்டு ஆர் சொன்ன? அடுத்த வருசம் நாம இருப்பமா?"

"அப்பிடிச் சொல்லாத."

"நீங்க அந்தக் கிணத்துக்குப் பயந்த மாதிரி என்னையும் மூடி வைக்கப் போறீங்களா?"

வாசலில் வந்து இருந்தேன். பௌசர் அன்று வரவே இல்லை.

இரண்டரை மணியளவில் படலை திறந்தது. மனைவியின் தங்கை. செருப்பு அறுந்து கையில் இருந்தது, சாரியின் கரை முழுக்கப் புழுதி. காத்தான்குடிக்கு அந்தப் பக்கம் எல்லாரையும் இறக்கி, பஸ்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அங்கிருந்து நடந்து வந்திருக்கிறாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். இல்லை என்றேன். அறையைக் காட்டினேன்.

உள்ளே போனவள் துணியை எடுத்துப் பார்த்தாள். தலையைப் பூப்போலப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"ஆர் முழுகச் சொன்ன? தலையில எண்ணெய் கிடந்தாத்தானே தோல் தாங்கும்."

"வெள்ளிக்கிழமைதானே..." என்றேன் நான் வாசலில் நின்று.

"குவைத்துக்காரன் வெள்ளிக்கிழமைக்கு வேற மருந்தா விக்கிறான் அத்தான்? மண்டையில ஒண்டும் இல்லையா உங்களுக்கு?" மகளின் பக்கம் திரும்பினாள். "நோகுதா மனே?"

"இப்ப பரவாயில்ல சித்தி. திங்கக்கிழம போக ஏலாதெண்டு அப்பா சொல்றாங்க."

சித்தி கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினாள். மிச்சம் நின்ற முடியையும் காயத்தில் படாமல் ஒட்ட வெட்டத் தொடங்கினாள். இன்னும் கட்டையாகிவிடுமே என்று நான் பதறினேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"அரைகுறையா நிண்டாத்தான் கேள்வி கேப்பானுகள். முழுக்க வெட்டினா, தல வெந்த புள்ள எண்டு பாத்தாலே விளங்கும். ஒளிக்கிறதுக்கு இஞ்ச என்ன கிடக்கு? திங்கக்கிழம விடிய நான் கூட்டிப் போறன். பொம்புளச் சிப்பாய்க்கு நான் காட்டிச் சொல்றன். எனக்குச் சிங்களமும் கொஞ்சம் வரும், குவைத்தில சிங்களப் புள்ளைகளோடதான் ஒரு அறையில கிடந்த நான்."

"நானும் வாறன்" என்றேன்.

அப்போதுதான் அவள் திரும்பி என்னைச் சரியாகப் பார்த்தாள்.

"நீங்க வரப்படா அத்தான். உங்கட முகத்தப் பாத்தா ஒண்டும் செய்யாத புள்ளையையும் பிடிச்சு வைப்பானுகள். வீட்டில இருந்து மீன் வாங்கி ஆக்கி வைங்க. சோதின எழுதின புள்ள பசியோட வரும்."