செண்பகம் பிடித்த மேழி

ஊத்துக்கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில், செண்பகம் ஏர் பிடித்ததைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவள் பிடித்த ஏருக்குக் கயிறு இழுத்தவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எழுபத்து நான்காம் வருஷம் ஆவணி பிறந்தும் ஒரு தூறல் இல்லை. அப்படிக் காய்ந்தால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வற்றிய ஏரிக்குள் பெண்கள் கயிறு கட்டி ஏர் இழுக்க, ஒருத்தி ஏரின் கைப்பிடியான மேழியைப் பிடிக்க வேண்டும். பெண் உழுவதைப் பார்த்து வானம் பொறுக்காமல் அழுதுவிடுமாம். ஊர்ப் பெரியவர் வரதன், தன் தம்பி பெண்டாட்டி செண்பகத்தின் கையில் மேழியைக் கொடுத்தார். அவளுக்கு நல்ல உயரம், கையில் வலு. மூன்று சுற்று உழுதோம். எட்டாம் நாள் மழை கொட்டியது. ஊரே எங்களைக் கும்பிட்டது.

அந்தக் கும்பிடு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. செண்பகத்தின் புருஷன் கலியன், கும்மிடிப்பூண்டியில் கம்பெனி கட்டும் வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து கிடந்தான். ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் அவர்களுக்கு. ஈரம் காய்வதற்குள் உழுது விதைக்காவிட்டால் அந்த வருஷம் கஞ்சி இல்லை. வரதன் தன் மாடுகளைத் தரவில்லை. கூலிக்கு உழ வந்தவர்களையும் தடுத்துவிட்டார்.

"நெலத்த என்கிட்ட உட்டுடு. வருசத்துக்கு நாலு மூட்டை போட்டுடறேன்" என்றார்.

"நானே உழுதுக்கறேன் மாமா."

"பொம்பள மேழி தொட்டா பூமி வெளையாது."

"ஏரியில நீங்கதான மாமா என் கையில குடுத்தீங்க?"

"அது சாமி காரியம். இது வேற."

நான் பக்கத்தில்தான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டிலில் கிடந்த கலியனும் ஊர் சிரிக்கும் என்று முனகினான். "சிரிக்கறவங்க உனக்கு ஒருவேளை கஞ்சி ஊத்துவாங்களா, கேட்டுச் சொல்லு" என்றாள் செண்பகம்.

ஏரியில் இழுத்த அதே ஆறு பேரையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். என் வீட்டுக்காரர் முறைத்தார். "அடுப்பு அங்கதான் கீது, பசிச்சா பத்த வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு நான் போனேன். மாட்டுக்குப் பதில் நாங்கள் இழுத்தோம், அவள் மேழி பிடித்தாள். முதல் நாள் ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று சிரித்தார்கள். மூன்றாம் நாள் சிரிக்க ஆளில்லை. தோளில் தோல் உரிந்தது, உள்ளங்கை கிழிந்தது. ஐந்தாம் நாள் கேழ்வரகு விதைத்தாள். தையில் அறுத்தாள். நிலம் அவளிடமே இருந்தது.

மறு வருஷமும் மழை இல்லை. வரதன் கலப்பையோடு அவள் வாசலுக்கு வந்தார்.

"ஏரிக்கு வாம்மா. ஊரே காத்துக்கினு கீது."

"வரேன் மாமா. மழை பேஞ்சா உங்க மாட்ட என் மேட்டுக் கொல்லைக்கு ஓட்டியாந்து ஏர்ல கட்டுவீங்களா? மேழி நான்தான் புடிப்பேன்."

வரதன் கலப்பையைத் திண்ணையில் சாய்த்து வைத்தார்.

"கட்டறேன்" என்றார்.

"இங்க சொன்னா பத்தாது. ஏரியில, எல்லார் காதுலயும் விழறாப்பல சொல்லுங்க."

ஏரிக்குள் இறங்கி நின்று, ஊர் முழுக்கக் கேட்கும்படி வரதன் சொன்னார். அதற்குப் பிறகுதான் செண்பகம் மேழியைத் தொட்டாள்.