அக்கா இடுப்பில் கட்டிய சூடு

அக்கா மகள் இன்ஜினியரிங் கடைசி வருடத்தில் ஒரு சூடு பெல்ட் செய்தாள். அதைப் பார்த்த அன்றே, இது உருப்படாமல் போகட்டும் என்று நினைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நானும் அக்காவும் சுருளிப்பட்டியிலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். சாரல் மாதங்களில் ஈர மண்ணில் காய் எடுக்கும்போது இடுப்பு விறைத்துவிடும். எனக்கும்தான் விறைக்கும். ஆனால் அக்கா மகள் தன் அம்மாவின் இடுப்பைத்தானே பார்ப்பாள்? துணிக்குள் கம்பி ஓட்டி, பேட்டரி வைத்து பெல்ட் செய்து, அதையே கல்லூரி ப்ராஜெக்டாகவும் வைத்துக்கொண்டாள். என் மகன் தேனியில் செல்போன் கடையில் இருக்கிறான். நல்ல பிள்ளைதான். குளிருதாம்மா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வீட்டில் எங்களுக்குக் காட்டியபோது அக்காவை நிற்க வைத்துக் கட்டினாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏலச்செடி தரையை ஒட்டித் தூரில்தான் காய்க்கும். குத்தவைத்து, வயிறு மடியக் குனிந்துதான் எடுக்க வேண்டும். அப்போது பெல்ட்டும் மடியும். கம்பிமேல் கம்பி படிந்தால் அந்த இடம் சுடும். வாய்வரை வந்ததை முழுங்கிவிட்டேன். பத்தாவதோடு நின்றவள் படித்த பிள்ளைக்கு என்ன சொல்வது என்ற கூச்சம்தான் காரணம் என்று என்னையே நம்ப வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை தோட்டத்தில் அனுமதி கேட்டு, அவளும் எங்களோடு ஜீப்பில் வந்தாள். பெல்ட் கட்டியிருந்த அக்காவைப் பார்த்து உடன் வந்த பெண்கள் விடவில்லை.

"இடுப்புலயே அடுப்பு கட்டி வந்துருக்காக. ஒரு சட்டிய வச்சா கஞ்சி காச்சிரலாம்."

அக்கா பெருமையாகச் சிரித்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தோட்டத்தில் அக்கா காய் எடுக்க, மகள் பெல்ட்டின் முதுகுப் பக்கம் வெப்பமானியைச் செருகிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதினாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"சுகமா இருக்குத்தா."

பக்கத்து வரிசையிலிருந்து நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கை அடிக்கடி வயிற்றுக்குப் போனது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சுடுகிறது, மகளுக்காகப் பொறுத்துக்கொள்கிறாள் என்று புரிந்தது. இரண்டு செடி எடுத்து முடிக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. மூன்றாவது செடியில் அக்காவின் கண் கலங்கியது.

"ஏத்தா, அங்கன முதுகுல என்னத்தப் பாக்குற? உங்க அம்மா வயிறு வேகுது. கழட்டு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது.

"அவ கெடக்கா, எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா மகளிடம்.

மகள் கழற்றியபோது, வயிற்று மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. அவள் முகம் செத்துப்போனது. அப்படியே குத்தவைத்து, தன் வயிற்றில் பெல்ட்டை வைத்துக் குனிந்து பார்த்தாள்.

"லேப்ல நிக்க வச்சே டெஸ்ட் பண்ணிட்டோம் சித்தி. ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"உக்காந்தா மடியும்ல."

"அப்ப அன்னைக்கு வீட்லயே தெரியுமா?"

நான் குனிந்து காயைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் முன்பக்கம் கம்பியே இல்லாமல் புது பெல்ட்டோடு தோட்டத்துக்கு வந்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"இந்தத் தடவ நீங்க கட்டிக்கங்க சித்தி. அம்மா சுட்டாலும் சொல்லாது."

கட்டிக்கொண்டேன். இடுப்பில் இதமாகச் சூடு பரவியது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சுடுதா சித்தி? குளிருதா?"

"இடது பக்கம் கம்மியா இருக்கு."

நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். நேரம் முடியக் கூடாது என்றிருந்தது.

உச்சிப்பொழுதில் எழுத வேண்டியது முடிந்தது. என் இடுப்பிலிருந்து பெல்ட்டை அவிழ்த்து, சூடு ஆறும் முன்னே அக்கா இடுப்பில் கட்டினாள். அது இருந்த இடத்தில் எனக்குக் காலையைவிட அதிகமாகக் குளிர்ந்தது. அடுத்த செடிக்கு நகர்ந்தேன்.