எலியடிப் பெட்டி

மாலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது கார்னிவலின் ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். மைதானத்தின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. ஒலிபெருக்கியில் ஓடிய பாட்டு இழுபட்டுத் தேய்ந்து நின்றது. பிறகு பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஹ்ரிப் வாங்கு கேட்டது. என் மகள் என்னிடமிருந்து பிரிந்தது அப்போதுதான்.

எண்பதுகளின் தொடக்கம். ஹஜ்ஜுப் பெருநாளின் மூன்றாம் நாள். கொழும்புப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் கல்முனைக் கடற்கரையில் ராட்டினமும் விளையாட்டுக் கடைகளும் போட்டிருந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார்மார் இரண்டு நிபந்தனைகளோடுதான் அதற்குச் சம்மதித்திருந்தார்கள். வாங்கு கேட்டால் தொழுகை முடியும்வரை விளக்கும் மைக்கும் நிற்க வேண்டும். பின்னேரம் பெண்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும், மஹ்ரிபுக்குப் பிறகு ஆண்களுக்கு மட்டும்.

என் கணவர் சாகாமத்து வயலில் நெல் சூடடிப்பில் நின்றார். ஆகவே அவருடைய தங்கை, என் மச்சி, தன் கைக்குழந்தையோடு எனக்குத் துணையாக வந்திருந்தாள். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பெருநாளுக்குத் தைத்த மஞ்சள் கவுன் போட்டிருந்தாள்.

அந்தக் கார்னிவலில் கூட்டம் மொய்த்த இடம் எலியடிக் கடைதான். இடுப்பளவு உயரத்தில் மேசைபோல ஒரு பெரிய பெட்டி. மேல் பலகையில் வட்ட ஓட்டைகள். கீழே நான்கு பக்கமும் சாக்குத் துணி தொங்கியது. பின்னால் திரைக்குள் நின்ற ஒருவன் கயிறுகளை மாறி மாறி இழுக்க, ஏதோ ஓர் ஓட்டையில் கறுப்புச் சாயம் பூசிய மர எலி தலையை நீட்டி உடனே மறையும். மறைவதற்குள் அடிக்க வேண்டும். அடிக்கும் கட்டையின் முனையில் டயர் றப்பர் சுற்றியிருந்தது. அப்படியும் அதைத் தூக்கினால் கை தாழும்.

“பாத்து அடிச்சா எலி போயிரும்!” என்று கடைக்காரன் தன் கொழும்புத் தமிழில் கத்திக்கொண்டிருந்தான். “மொதல்ல அடிங்க, பொறவு பாருங்க!”

மச்சி குழந்தையை என்னிடம் தந்துவிட்டுக் கட்டையை வாங்கினாள். முதல் இரண்டு அடியும் வெறும் பலகையில் விழுந்தன. சுற்றி நின்ற பெண்கள் விடவில்லை.

“என்னகா, மாவு இடிக்கிறயா?”

“உன்ட மாமிட தலையெண்டு நினச்சி அடி புள்ள, ஒண்டும் தப்பாது!”

“மெல்லக் கதைங்க, மாமி ராட்டினத்தில இரிக்கா!”

மச்சிக்குச் சிரிப்பில் கட்டையைத் தூக்க முடியவில்லை. என் மகள் என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சாக்குத் துணியைப் பார்த்தாள். “உம்மா, எலியெல்லாம் உள்ளுக்கா இரிக்கிற?” என்று கேட்டாள். “ஓம் மகள்” என்றேன்.

அப்போதுதான் விளக்கு அணைந்தது. வாங்கு கேட்டதும் அங்கு நின்ற பெண்கள் எல்லாரும் சீலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டோம். எங்கள் ஊரில் அது யோசித்துச் செய்கிற காரியமல்ல. காது கேட்டதும் கை செய்துவிடும். மகள் பிடித்திருந்த தலைப்பு அவள் கையிலிருந்து நழுவி என் தலைக்கு வந்தது. ஒரு கையில் மச்சியின் குழந்தை. மறுகையைக் கீழே நீட்டித் துழாவினேன். யாரோ ஒரு பிள்ளையின் தலை தட்டுப்பட்டது. அது என் பிள்ளை இல்லை.

அதற்குள் பெண்கள் வாசலை நோக்கி நெருக்கத் தொடங்கிவிட்டார்கள். தொழுகை முடிந்து ஆண்கள் வருவதற்குள் வெளியேற வேண்டும் என்ற அவசரம் எல்லாருக்கும். நானும் மச்சியும் அந்த நெரிசலில் தள்ளப்பட்டு வாசலுக்கு வெளியே வந்து விழுந்தோம். மகள் முன்னால் போன பெண்களோடு வந்திருப்பாள் என்று எண்ணினேன். அங்கு நின்ற பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் கவுன் எதுவும் இல்லை.

அவள் எங்கே போனாள் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். வாங்கு கேட்டால் பிள்ளைகள் வெளியே நிற்கக் கூடாது, மஹ்ரிப் நேரம் ஷைத்தான்கள் திரியும், உடனே ஒரு கூரைக்குள் போய்விட வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் நடை பழகும் வயதிலேயே சொல்லி வைத்துவிடுவோம். விளையாட்டை எந்த இடத்தில் விட்டாலும் எங்கள் பிள்ளைகள் அந்த நேரத்துக்குக் கண்ணில் பட்ட வீட்டுக்குள் ஓடிப் புகுந்துவிடும்; உம்மா வந்து கூப்பிடும்வரை வெளியே வராது. திறந்த மைதானத்தில் வீடு ஏது? பக்கத்தில் இருந்த ஒரே மூடிய இடம் அந்தப் பெட்டி. சாக்கை விலக்கிக்கொண்டு எலிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அது தெரியாது. நான் திரும்பி உள்ளே ஓடப் பார்த்தேன். கையில் பட்டி கட்டிய ஒரு தொண்டர் வாசலில் குறுக்கே நின்றார்.

“ராத்தா, இனி ஆம்பிளையள்ற நேரம்.”

“என்ட புள்ளயக் காணல்ல தம்பி. எலியடிக்கிற கடையடியிலதான் நிண்டவ. ஒருக்காப் பாத்திட்டு வாறன்.”

“நீங்க போவேலா. நாங்க ஆள் அனுப்பித் தேடுறம். என்ன உடுப்பு?”

“மஞ்சள் கவுன். மைக்கில ஒருக்காச் சொல்லச் சொல்லுங்களன்.”

அவர் மைக்குக்காரனிடம் ஆள் அனுப்பினார். தொழுகை முடியும்வரை மைக்கைத் திறக்க மாட்டேன், திறந்தால் மரைக்கார் நாளைக்கே எங்களைத் துரத்திவிடுவார் என்று அவன் சொன்னதாகப் பதில் வந்தது. பள்ளியில் முதல் றக்அத் ஓதும் குரல் காற்றில் வந்துகொண்டிருந்தது. என் வாழ்நாளில் ஒரு தொழுகை சீக்கிரம் முடியட்டும் என்று கேட்டது அன்றைக்கு மட்டும்தான். இன்றும் வீட்டில் மின்சாரம் நின்றால் விளக்கைத் தேடுவதற்கு முன் என் கை பிள்ளைகளின் தலைகளைத் தேடுகிறது. பெரிய பிள்ளைகள், எரிச்சல்படுகிறார்கள்.

தொழுகை முடிந்தது. ஜெனரேட்டர் உறுமியது, விளக்குகள் வந்தன. மைக்கில் சொன்னார்கள்: மஞ்சள் கவுன் போட்ட பெண் பிள்ளை, ஆறு வயது, கண்டவர்கள் வாசலுக்குக் கொண்டுவரவும். இரண்டு முறை சொல்லிவிட்டு மறுபடி பாட்டைப் போட்டார்கள். பெருநாள் உடுப்பும் அத்தர் வாசனையுமாக ஆண்கள் என்னைக் கடந்து உள்ளே போனார்கள்.

யாரோ ஒருவர், “கடலுக்குப் போன புள்ளயோ தெரியா” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அதைக் கேட்டதும் டோர்ச் லைட்டுகளோடு பத்துப் பன்னிரண்டு பேர் மைதானத்தை விட்டு அலைக்கரைக்கு ஓடினார்கள். தேட வந்தவர்கள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டார்கள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையில் அசையும் வெளிச்சங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு வெளிச்சமும் குனியும்போது, அது வெறுமனே நிமிரும்வரை பார்த்தேன். கையில் மச்சியின் குழந்தை அழுதது. மச்சி அதை வாங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை.

“மச்சி, புள்ளையத் தாங்க. இறுக்கிப் புடிக்கிறீங்க, நோகும் அதுக்கு” என்று அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

அந்த நேரம் எலியடிக் கடையில் மறுபடி விளையாட்டுத் தொடங்கியிருந்தது. வாசலில் நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. பலகையில் கட்டை விழும் சத்தம், பிறகு கூட்டத்தின் ஆரவாரம். அடிக்கிறவன் வரிப்பத்தான்சேனை ஊர்ப் பொடியன், அறுவடை வயலில் வரம்புக்கு வரம்பு எலி அடித்துப் பழகியவன், ஒன்றும் தப்பவில்லை என்று உள்ளேயிருந்து வந்த ஒருவர் தொண்டரிடம் சொன்னார். தொண்டர்கூட எட்டிப் பார்த்தார்.

மீண்டும் ஓர் ஆரவாரம் எழுந்தது. அது பாதியில் அறுந்தது. பாட்டு மட்டும் ஓடியது. யாரோ “நிப்பாட்டு, நிப்பாட்டு” என்று கத்த, பாட்டும் நின்றது.

கூட்டம் வாசல்வரை இரண்டாகப் பிளந்து வழி விட்டது. அந்த வழியில் ஓர் இளைஞன் வந்தான். வயலில் கறுத்த தேகம், இடுப்பில் புதுச் சாரன். சட்டையைக் கழற்றி அதில் என் மகளின் வலது கையைச் சுற்றி, அவளை நெஞ்சோடு தூக்கியிருந்தான். சட்டை நனைந்திருந்தது. அவள் கண் திறந்திருந்தது, ஆனால் அழவில்லை. என்னைக் கண்டும் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் கைகளை நீட்டினேன். அவன் பிள்ளையைத் தரவில்லை. தரத் தெரியாதவன்போல நின்றான்.

“ராத்தா, நான்தான் அடிச்ச” என்றான். “ஓட்டைக்குள்ளால விரல் வந்திச்சி, எலியெண்டு அடிச்சிட்டன். ரெண்டு தரம் அடிச்சிட்டன். கைதான் ராத்தா. தலையில படல்ல, நான் தடவிப் பாத்த, அல்லாஹ் மேல ஆணையா தலையில படல்ல. ஆசுபத்திரி எந்தப் பக்கம், சொல்லுங்க, நான் தூக்கிட்டு ஓடுறன்.”