பவானியின் நாற்பத்திரண்டாவது லெவல்

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் ஒரு விருந்து. எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் இருக்கும் பஷீர் பாய் புது வீடு கட்டிக் குடிபோனார். தலைமுறை தலைமுறையாகக் கருவாடும் இறாலும் வியாபாரம் செய்கிற குடும்பம். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரியாணியை முடித்துக் கை கழுவிவிட்டுத் திரும்பினால், வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாயின் மச்சானாம்.

எனக்கு உள்ளுக்குள் குஷி. பல வருஷமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எழுதுகிறேன். ஒரு வாசகராவது நேரில் வந்து கை குலுக்க மாட்டாரா என்கிற நப்பாசை யாருக்குத்தான் இருக்காது?

"சார், நீங்கதான பவானி மேடத்தோட ஊட்டுக்காரரு?" என்றார்.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

மேடம் வந்திருக்கிறார்களா என்று கேட்டார். பெண்கள் பந்தியில் இருப்பதாகச் சொன்னேன். பனிக்குகையில் இரண்டு வாரமாக மாட்டிக்கொண்டு முழிக்கிறாராம். மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டால் வழி கிடைத்துவிடுமாம். என் கையை விட்டுவிட்டுப் போயே போய்விட்டார்.

பழவேற்காட்டில் ஏது பனிக்குகை என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அது கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. கத்தி, கேடயம், மந்திரம், ராட்சசன், சாபம் பிடித்த ராஜ்யம்... எல்லாம் உள்ள ஒரு வீடியோ கேம். பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். அந்த ராஜ்யத்தில் என் மனைவி பவானிக்கு இருக்கிற மரியாதை எனக்குக் கம்பெனி இருக்கும் கும்மிடிப்பூண்டியிலும் இல்லை, வீடு இருக்கும் மணவாள நகரிலும் இல்லை.

இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். ஆடி மாதம் சிரிக்கவில்லை. அப்போது நான் செய்த காரியத்தை இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது ஆள் நீங்கள்.

கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்தபோது ஒன்றை நான் வாங்கி வந்தேன். கட்டுரை எழுதத்தான். சத்தியமாக! ஒரு வாரத்திலேயே பஷீர் பாய் அந்த கேம் சிடியைக் கொடுத்தார். கட்டுரை அம்போ.

பெயின்ட் டப்பா செய்கிற கம்பெனியில் நான் தரம் பார்க்கிறவன். நாளெல்லாம் டப்பாவைத் திருப்பித் திருப்பிக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. அதை முடித்து, பெரியபாளையம் வழியாகக் கம்பெனி பஸ்ஸில் குலுங்கி, ஏழு மணிக்கு வீடு வந்து சேர்கிறவனுக்கு, கையில் கத்தி கிடைத்தால் எப்படி இருக்கும்? எதிரே வந்தவனையெல்லாம் வெட்டினேன். ஓநாயை வெட்டினேன். எலும்புக்கூட்டை வெட்டினேன். வழி சொல்ல வந்த ஒரு விவசாயியைக்கூட அவசரத்தில் வெட்டிவிட்டேன்.

பதினேழாவது லெவலில் நின்றது. ஆற்றின் மேல் ஒரு பாலம். பாலத்தில் ஒரு கல் ராட்சசன். ஒரே அடி — நான் காலி. மறுபடி போனேன். மறுபடி காலி. மூன்று வாரம்! புதுக் கத்தி, புதுக் கேடயம், தீ மந்திரம்... எதற்கும் அவன் அசையவில்லை.

பவானி பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே பார்ப்பாள். ஒருநாள், பகலில் சும்மாதானே இருக்கிறேன், நானும் ஆடிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். தாராளமாக ஆடு என்றேன், பெரிய மனசோடு. மவுஸ் எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ வரை படித்தவள். அதில் வருகிறவர்கள் எல்லாம் இங்கிலீஷில் பேசுவார்களே, இவளுக்கு என்ன புரியும்? இரண்டு நாளில் சலித்துவிடும் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் வழக்கம்போல ராட்சசன் கையால் செத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். தோசைக் கரண்டியோடு வந்து நின்றவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"கத்திய உள்ள வச்சிக்கினு சும்மா நடந்து போனா அது ஒண்ணும் பண்ணாதுங்க. பாலத்தாண்ட துணி தொவைக்குதே ஒரு பொம்பள, அது சொல்லுச்சு."

எந்தப் பெண்? நூறு தடவை அந்தப் பாலத்தைக் கடக்கப் போயிருக்கிறேன். துணி துவைக்கிற பெண்ணை நான் பார்த்ததே இல்லை.

கத்தியை உறையில் போட்டு நடந்தேன். ராட்சசன் ஒதுங்கி வழிவிட்டான்.

சந்தோஷப்பட வேண்டுமா இல்லையா? எனக்கு வயிறு எரிந்தது.

நீ எத்தனையாவது லெவல் என்று கேட்டேன். முப்பத்தொன்று என்றாள். அடுப்பில் தோசை தீய்ந்துவிடும் என்று உள்ளே போய்விட்டாள்.

அப்புறம்தான் தெரிந்தது. காலையில் நான் பஸ் ஏறியதும் இவளும் ஏறிவிடுகிறாள் — அந்த ராஜ்யத்துக்கு. பக்கத்தில் ஓர் அகராதி. பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் புரியாத வார்த்தைகளையெல்லாம் எழுதி அர்த்தம் பார்க்கிறாள். யாரையும் அவசரப்பட்டு வெட்டுவதில்லை. கண்ணில் படுகிற ஒவ்வொருவரிடமும் நின்று பேசுகிறாள். ஓடக்காரனுக்குத் துடுப்பு தேடிக் கொடுத்திருக்கிறாள். கொல்லன் பெண்டாட்டி புருஷனைப் போரில் இழந்துவிட்டுத் தானே பட்டறை நடத்துகிறாளாம். அவளுக்கு நிலக்கரி கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள். பதிலுக்கு அவள் அடித்துக் கொடுத்த கத்தி என் கத்தியைவிட நாலு மடங்கு உசத்தி.

சாப்பிடும்போதெல்லாம் அந்தப் பேச்சுதான். ஓடக்காரனுக்கு உடம்பு சரியில்லை. கொல்லன் பெண்டாட்டி இன்று சிரித்தாள். கம்பெனியில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்பதே நின்றுபோனது.

இது போதாதென்று பஷீர் பாய் வேறு. அவரும் அந்த கேமில் கிறுக்கு. ஒருநாள் பஸ்ஸில் பவானி சொன்ன பாலத்து ரகசியத்தை அவரிடம் உளறிவிட்டேன். அன்றிலிருந்து என் செல்போன் என் செல்போனாக இல்லை. சாயங்காலம் அவர் போன் வரும். எடுத்தால், தங்கச்சிகிட்ட குடுப்பா என்பார். நான் கொடுத்துவிட்டு நிற்பேன். பாய் வழியாக அவர் மச்சான், மச்சான் வழியாக இன்னும் யார் யாரோ. எல்லோருக்கும் இவள் வழி சொல்வாள். இடது பக்கம் போங்கண்ணா, கிணத்தாண்ட ஒருத்தன் இருப்பான், அவன்கிட்ட நல்லபடியா பேசுங்க...

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? அடுத்த தெருக்காரர் மாடி கட்டினால் நமக்கு அவ்வளவாக எரிவதில்லை. ஏதோ அவர் யோகம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நாம் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, நாம் தோற்ற அதே இடத்தில் ஒருவர் ஜெயித்தால்? அதுவும் நம்மிடம் கற்றுக்கொண்டவர்? அந்த எரிச்சலுக்கு மருந்தே கிடையாது.

ஆடி ஞாயிறு ஒன்றில் அவள் பெரியபாளையம் போனாள். அம்மன் கோயிலுக்குப் பக்கத்துக் கிராமம்தான் அவள் பிறந்த ஊர். அண்ணன் குடும்பத்தோடு பொங்கல் வைக்கப் போயிருந்தாள். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

மத்தியானம் மூன்று மணி. கம்ப்யூட்டரைப் போட்டேன். திரையில் இரண்டு பெயர்கள். என் பெயர், லெவல் பத்தொன்பது. அதற்கு மேலே பவானி, லெவல் நாற்பத்திரண்டு.

அவள் பெயர் மேல் மவுஸை வைத்தேன். அழிக்கவா என்று கேட்டது. அழி என்றேன். உறுதிதானா என்று இன்னொரு தடவை கேட்டது. ஒரு மெஷினுக்கு இருந்த நிதானம் எனக்கு இல்லை.

ஒரு நிமிஷம் குளுகுளுவென்று இருந்தது. ஒரே ஒரு நிமிஷம். பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தாள். எனக்கென்று தூக்கு வாளியில் பொங்கல் கொண்டுவந்திருந்தாள். வயிறு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். நான் சாப்பிட்டேன். அதுவும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு கம்பெனிக்கு போன் வந்தது. அவள் பெயரையே காணோமாம். நேற்று கரண்ட் போச்சா, அதில் அழிந்திருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றேன். அழித்ததைவிட அந்த 'இருக்கும்'தான் கேவலம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வாரம் முழுக்க அவள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. சாப்பாட்டில் பேச்சு இல்லை. இதைத்தானே ஆசைப்பட்டேன்? கிடைத்தது. கம்பெனியில் என்ன விசேஷம் என்று அவள் கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

மனசாட்சி உறுத்தி ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை அது இல்லை. பவானி போனில் புலம்பியதைக் கேட்டிருந்த பஷீர் பாய் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் சொன்னார்: "கவரப்பேட்டைல நம்ம சர்வீஸ் ஆளு ஒருத்தர் கீறாரு. நாளைக்கு உங்க ஊட்டுக்கு இட்டுக்கினு வரேன். எந்த நாளு, எந்த நேரத்துல போச்சுன்னு புட்டுப் புட்டு வச்சிடுவாரு."

பயந்துவிட்டேன். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை. அவள் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்ட் இல்லை, நான்தான் அழித்தேன் என்றேன்.

கை நின்றது. தெரியாமல் பட்டுவிட்டதா என்று கேட்டாள். தப்பிக்க அவளே ஒரு வாசலைத் திறந்துவிட்டாள். அதிலும் நுழைந்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை. தெரிந்துதான் செய்தேன் என்றேன்.

அடுப்பை அணைத்தாள். கத்தவில்லை. அழவும் இல்லை.

"கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து இந்தத் தெருவுல எனுக்குப் பேச ஆளு இல்ல. நீங்க காலைல போனா ராத்திரி வரீங்க. அந்தப் பொட்டிக்குள்ள ஒரு நாலு பேரு இருந்தாங்கோ. அவுங்களையும் உட்டு வைக்கலியா நீங்க?"

மத்தியானத்துக்குள் அண்ணன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பாய்க்கு போன் செய்து, சர்வீஸ் ஆள் வேண்டாம் என்றேன். ஏன் என்றார். சொன்னேன். போனை வைத்துவிட்டார். திங்கட்கிழமை பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தும், பாய் பின்னால் போய் நின்றுகொண்டு வந்தார்.

அந்த ஐந்து நாளும் சாயங்காலம் நான் செய்தது ஒன்றுதான். அவள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கேமில் பவானி என்று புதிதாக ஓர் ஆளை உண்டாக்கினேன். முதல் லெவலிலிருந்து ஆடினேன். அழித்ததைத் திருப்பிக் கட்டிவிடலாம் என்று. இந்தத் தடவை நின்று நின்று பேசினேன். அகராதியைப் புரட்டினேன். கொல்லன் பெண்டாட்டி தன் புருஷன் கடைசியாகச் செய்துவைத்த லாடத்தைப் பற்றிச் சொல்கிற இடத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாள் அந்தப் பட்டறையைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன், கத்தியைச் சுழற்றிக்கொண்டு.

வியாழக்கிழமை பவானி தானாகவே வந்தாள். அண்ணன் வயலில் நாற்றங்கால் வேலை முடிந்துவிட்டது, அங்கேயும் எவ்வளவு நாள்தான் உட்கார்ந்திருப்பது என்றாள். மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள். அது சரி என்றா, போதும் என்றா... இன்றுவரை தெரியாது.

கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினேன். பவானி, லெவல் பதினொன்று. உனக்காகத்தான் என்றேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

மவுஸை எடுத்தாள். உறுதிதானா என்று கேட்டதற்கு, ஆமாம் என்று ஒரு தட்டுத் தட்டினாள். என் ஐந்து நாள் போயே போய்விட்டது.

"நீங்க இட்டுக்கினு போன ஊருக்கு நான் இன்னாத்துக்குப் போவணும்? எனுக்கு வழி தெரியும்."

முதல் லெவலிலிருந்து அவளே ஆரம்பித்தாள். அகராதி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. போன தடவை கண்ணில் படாமல் போன இரண்டு கிராமங்களைக் கண்டுபிடித்தாள். போன தடவை கோபித்துக்கொண்டு போன ஒரு மந்திரக்காரியை இந்தத் தடவை சிநேகிதியாக்கிக்கொண்டாள். தீபாவளிக்குள் ஐம்பதைத் தாண்டிவிட்டாள். அழிந்ததும் ஒருவிதத்தில் நல்லதுதான், நிறைய விட்டிருந்தேன் என்று பாயிடம் போனில் சொல்லிச் சிரிக்கிறாள். பாயும் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார் — தங்கச்சி சொன்னதால். கம்பெனியில் என்ன நடந்தது என்று அவளும் கேட்கிறாள். ஆனால் அவள் கதையைச் சொல்லி முடித்த பிறகுதான்.

எனக்கு இன்னும் எரிகிறதா? எரிகிறது. முன்பைவிட அதிகமாகவே. நான் கெடுத்ததில்கூட அவள்தான் ஜெயித்தாள் என்றால் எரியாதா? பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே எரிகிறேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் ஆட்டத்தை ஒரு சிடியில் பதிந்து எங்கேயோ ஒளித்து வைக்கிறாள். பீரோவில் இல்லை... பார்த்துவிட்டேன்.